போலந்தின் கடைசி அரசர் ஸ்தனிஸ்லாவ் அகஸ்ட்: 1792 ஜூலைக் கையெழுத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

பழையவரைபடம்:

நண்பர்களுக்கு வணக்கம். 1764-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வரைபடத்தையும் 1795-ஆம் ஆண்டின் வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதலாவதில் ஏழு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கும் போலந்து–லித்துவேனியப் பொதுநலவாயம் இரண்டாவதில் இல்லவே இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்றும் மூன்று தவணைகளில் அதைப் பங்கிட்டுக்கொண்டுவிட்டன. அந்த 31 ஆண்டுகளிலும் அரியணையில் இருந்தவர் ஒரே மனிதர்: ஸ்தனிஸ்லாவ் அகஸ்ட் பொனியதோவ்ஸ்கி.

இவரைப் பற்றிப் படிக்கப் படிக்கக் குழப்பமே மிஞ்சுகிறது. 1791 மே 3-ஆம் நாள் ஐரோப்பாவின் முதல் நவீன எழுதப்பட்ட அரசமைப்பு என்று போற்றப்படும் சட்டத்திற்கு உறுதிமொழி எடுத்தவரும் இவர்தான். பதினைந்து மாதங்கள்கூட ஆகாத நிலையில், அதே அரசமைப்பை ஒழிப்பதற்காக ரஷ்யப் படையோடு வந்த தார்கோவிட்சா கூட்டமைப்பில் சேர்ந்து கையெழுத்திட்டவரும் இவர்தான். துரோகமா, கோழைத்தனமா, வேறு வழியில்லாத நிலையா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

நூலகத்தார்:

கேள்வி 1792-ஐப் பற்றியது என்றாலும், விடையை 1755-இலிருந்து தொடங்குவதே முறை.

ஸ்தனிஸ்லாவ் 1732 ஜனவரி 17 அன்று வோல்சின் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இன்று பெலாரூஸ் நாட்டில் இருக்கிறது. தாய் கான்ஸ்டான்சியா, செல்வாக்கு மிக்க சார்தொரிஸ்கி குடும்பத்தைச் சேர்ந்தவர். "குடும்பம்" என்றாலே அக்காலப் போலந்தில் அந்த அணியைத்தான் குறிக்கும் என்ற அளவுக்கு அவருடைய தாய்மாமன்மார் அரசியலில் ஊறியவர்கள். 1755-இல் ஆங்கிலத் தூதர் ஹான்பரி வில்லியம்ஸின் செயலாளராக செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் சென்ற இந்த 23 வயது இளைஞர், பட்டத்து இளவரசரின் மனைவியான கேத்தரினின் காதலரானார். 1758-இல் அவர் ரஷ்யத் தலைநகரை விட்டு வெளியேற நேர்ந்தது. 1762-இல் கணவரைக் கவிழ்த்துவிட்டுக் கேத்தரின் தானே பேரரசியானபோது, தன்னை மீண்டும் அழைத்துக்கொள்வார் என்று இவர் உண்மையாகவே நம்பினார். தன்னை அரசனாக்க வேண்டாம், தன் அருகில் வைத்துக்கொண்டால் போதும் என்ற பொருள்பட அவருக்கு எழுதவும் செய்தார். பேரரசி அவரை அருகில் அழைக்கவில்லை, அரசராக்கினார்.

போலந்தில் அரசர் பிறப்பால் வருபவரல்லர். 1573 முதல், ஓர் அரசர் இறந்தால் வார்சாவை அடுத்த திறந்தவெளியில் உயர்குடியினர் திரண்டு வந்து அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பார்கள். நாட்டின் எந்த மூலையில் உள்ள ஏழை உயர்குடியானுக்கும் அங்கே வந்து வாக்களிக்க உரிமை உண்டு. ஆகவே பல்லாயிரக்கணக்கானோர் குதிரைகளோடு வந்து முகாமிடுவது வழக்கம். 1763 அக்டோபரில் மூன்றாம் அகஸ்ட் இறந்தபின் 1764 செப்டம்பரில் வோலா வெளியில் நடந்த தேர்தலுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 5,500 பேர்தான். எதிரணித் தலைவர்களான தளபதி பிரானிட்ஸ்கியும் கரோல் ராட்சிவில்லும் முன்னதாகவே விரட்டப்பட்டிருந்தார்கள். ரஷ்யப் படைகள் நாட்டுக்குள் இருந்தன. எதிர்ப்பே இல்லாத அந்தத் தேர்தலில் 32 வயது பொனியதோவ்ஸ்கி வென்றார். முடிசூட்டு விழா மரபுப்படி கிராக்கோவில் நடக்காமல், நவம்பர் 25 அன்று வார்சாவின் புனித யோவான் ஆலயத்தில் நடந்தது. அந்த நாள் கத்தோலிக்க நாள்காட்டியில் புனித கேத்தரினுக்கு உரியது என்பதை வந்திருந்தவர்களில் எவரும் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது.

கீழைக்காற்று:

நூலகத்தார் ஐயா மிக நயமாகச் சொல்லிவிட்டார். நான் நேராகவே சொல்கிறேன். அயல்நாட்டுப் பேரரசி தன் பழைய காதலருக்குப் பரிசாகக் கொடுத்த முடி அது. கொடுத்த கைக்குத் திருப்பிப் பிடுங்கவும் தெரியும் என்பது ஒரு குழந்தைக்குக்கூட விளங்கும் செய்தி. 1764 ஏப்ரலில் கேத்தரினும் பிரஷ்யாவின் இரண்டாம் பிரெடெரிக்கும் செய்துகொண்ட உடன்படிக்கையில் இவரை அரசராக்குவதோடு, போலந்தின் பழைய அரசமைப்பு எக்காரணம் கொண்டும் மாறாமல் பார்த்துக்கொள்வது என்ற இரகசிய விதியும் இருந்தது. அதாவது, நாடு நலிந்தே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்த அரியணையில் உட்கார்ந்துகொண்டு, நாட்டைச் சீர்திருத்தப் போவதாகச் சொன்னவர் இவர். 1792-இல் நடந்தது வியப்பேயல்ல.

மணிமுடி:

அந்தப் "பழைய அரசமைப்பு" என்னவென்று சொல்லாமல் மேலே போனால் இந்த விவாதம் தனிமனித ஒழுக்க ஆராய்ச்சியாகவே முடிந்துவிடும் என்பதால் குறுக்கிடுகிறேன்.

போலந்தின் நாடாளுமன்றத்துக்கு சேய்ம் என்று பெயர். அதில் ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து "அனுமதியேன்" என்று சொன்னால், அந்த மசோதா மட்டுமல்ல, அந்தக் கூட்டத்தொடரில் அதுவரை நிறைவேறிய அனைத்துமே செல்லாமற் போகும். லிபேரும் வீட்டோ என்று பெயர் பெற்ற இந்த உரிமையைத் தங்கள் சுதந்திரத்தின் கண்மணியாக உயர்குடியினர் கருதினார்கள். மூன்றாம் அகஸ்டின் முப்பதாண்டு ஆட்சியில் உருப்படியாக முடிந்த சேய்ம் 1736-இல் கூடிய ஒன்றே ஒன்று. அமைச்சர்களை நியமிப்பவர் அரசர். ஆனால் நியமித்தபின் அவர்களை நீக்க முடியாது, பதவி ஆயுளுக்கும் உரியது. வரி விதிக்க முடியாது, படை பெருக்க முடியாது. 1717-இல் நிர்ணயித்த 24,000 வீரர்கள் என்ற வரம்பைக்கூட இந்த நாடு எட்டியதில்லை. அண்டையில் இருந்த பிரஷ்யாவோ அதைப்போலப் பல மடங்கு படையைப் பராமரித்தது.

இதிலிருந்து தப்ப ஒரு புறவாசல் இருந்தது. சேய்ம் கூடுவதற்கு முன் உறுப்பினர்கள் தங்களை ஒரு "கூட்டமைப்பு" என்று அறிவித்துக்கொண்டால், அந்த அவையில் வீட்டோ செல்லாது. பெரும்பான்மை வாக்கே போதும். ஸ்தனிஸ்லாவ் காலத்தில் நடந்த நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்தப் புறவாசல் வழியாகவே வந்தன. 1764-இன் முதல் சீர்திருத்தங்கள் அப்படி வந்தவை. 1788 முதல் 1792 வரை நீண்ட நான்காண்டு சேய்ம் அப்படிக் கூடியது. முதலாம் பங்கீட்டை ஏற்றுக்கொண்ட 1773-ஆம் ஆண்டு சேய்மும் ஆதம் பொனின்ஸ்கி தலைமையில் அப்படித்தான் கூடியது. கூட்டமைப்பு அமைவதைத் தடுக்க வாசலில் விழுந்து கிடந்து மறித்த ததேயுஷ் ரெய்தானின் ஒற்றைக் குரலுக்குச் சட்டத்தில் வலு இல்லாமற் போனதும் இதனாலேயே. நூறாண்டுகளாக நாட்டைக் குலைத்த வீட்டோ, நாட்டுக்காகப் பயன்பட்டிருக்கக்கூடிய நாளில் கைக்கு எட்டவில்லை.

புது அரசர் வீட்டோவை ஒழிக்க முயலவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். 1766-இல் வரி, படை பற்றிய முடிவுகளையாவது பெரும்பான்மையால் எடுக்கலாம் என்ற முயற்சி நடந்தது; ரஷ்யாவும் பிரஷ்யாவும் சேர்ந்து அதை நசுக்கின. நாடு முழுவதற்குமான பொதுச் சுங்கம் ஒன்றை ஏற்படுத்தியபோது, பிரெடெரிக் விஸ்துலா ஆற்றங்கரையில் மரியென்வெர்டரில் ஒரு சுங்கச்சாவடியைப் போட்டுப் போலந்தின் தானியப் படகுகளிடம் பணம் பறித்து, பொதுச் சுங்கத்தைக் கைவிடச் செய்தார். தன் நாட்டு ஆற்றில் தன் நாட்டுப் படகுக்கு அடுத்த நாட்டவன் வரி வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்த அரசரிடம் நாம் வீரத்தை எதிர்பார்க்கிறோம்.

செங்கழுநீர்:

மணிமுடியின் விளக்கத்துக்கு நன்றி. அரசருக்கு எதுவுமே இயலாது என்று முடிவுகட்டும் முன், இயன்ற இடங்களில் அவர் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். எனக்கு அவர் மீது ஈடுபாடு வந்ததே அந்தப் பக்கத்திலிருந்துதான்.

முடிசூடிய மறு ஆண்டே, 1765-இல், வார்சாவில் படைவீரர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். உயர்குடிப் பிள்ளைகளுக்கு வாள்வீச்சோடு கணிதமும் மொழிகளும் வரலாறும் கற்பித்த அந்தப் பள்ளியின் தொடக்கக்கால மாணவர்களுள் ஒருவர்தான் பின்னாளில் அமெரிக்க விடுதலைப் போரிலும், 1794 எழுச்சியிலும் புகழ்பெற்ற ததேயுஷ் கொஷ்சியூஷ்கோ. பொது மக்களுக்கான தேசிய நாடக அரங்கு அதே ஆண்டில் வந்தது. 1773-இல் திருத்தந்தை இயேசு சபையைக் கலைத்தபோது, அதன் பள்ளிகளும் சொத்துகளும் பிரபுக்களின் கைகளில் கரைந்துபோகாமல் தடுக்க, அக்டோபர் 14 அன்று தேசியக் கல்வி ஆணையம் நிறுவப்பட்டது. ஐரோப்பாவின் முதல் கல்வி அமைச்சகம் என்று அதைப் பலரும் சொல்வார்கள். கிராக்கோவ் பல்கலைக்கழகத்தைச் சீரமைத்ததும், போலிஷ் மொழியில் பாடநூல்கள் எழுதுவித்ததும் அந்த ஆணையமே. இதில் கவனிக்க வேண்டியது காலம்: முதலாம் பங்கீட்டில் 2,11,000 சதுர கிலோமீட்டர் நிலமும் நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்களும் பறிபோனதற்கு ஒப்புதல் தந்த அதே சேய்ம்தான் இந்த ஆணையத்தையும் பெற்றெடுத்தது.

வியாழக்கிழமைகளில் அவர் அளித்த விருந்துகளும் புகழ்பெற்றவை. கிராசிட்ஸ்கி, நருஷேவிச், த்ரெம்பெட்ஸ்கி முதலிய எழுத்தாளர்கள் அரசரோடு ஒரே மேசையில் அமர்ந்து கவிதையையும் சட்டத்தையும் பேசினார்கள். இத்தாலிய ஓவியர் பெர்னார்டோ பெலோட்டோவைக் கொண்டு வார்சாவின் தெருக்களையும் மாளிகைகளையும் ஒன்றுவிடாமல் வரையச் செய்தார். இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான அந்த நகரத்தை 1945-க்குப் பின் மீண்டும் எழுப்பியவர்கள் துணைக்கு வைத்துக்கொண்டவற்றில் அந்த ஓவியங்களும் இருந்தன. 1790-இல் போலந்துக்கென ஓர் ஓவியத் தொகுப்பைச் சேர்க்கும்படி இலண்டன் வணிகர்களான டெசன்ஃபான்ஸ், பூர்ஷ்வா இருவரையும் பணித்தார். ஐந்தாண்டுகளில் படங்கள் சேர்ந்தன, வாங்கிக்கொள்ள நாடு இல்லை. அவை இன்று இலண்டனின் டல்விச் ஓவியக்கூடத்தில் தொங்குகின்றன.

இன்னொன்று. 1771 நவம்பர் 3-ஆம் நாள் இரவு, ரஷ்ய ஆதிக்கத்தை எதிர்த்து 1768 முதல் போரிட்டுக்கொண்டிருந்த பார் கூட்டமைப்பினர் வார்சாவின் நடுத்தெருவில் அரசரின் வண்டியை மறித்து, தலையில் காயப்படுத்தி, அவரைக் கடத்திக்கொண்டு போனார்கள். இருட்டில் வழிதவறி ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் எஞ்சிய ஒரே காவலனான குஷ்மா என்பவனிடம் அரசர் பேசியே மனத்தை மாற்றினார். இருவரும் மரிமோன்ட் அருகே ஒரு மாவு ஆலையில் தங்கி, காவற்படைத் தலைவருக்குச் சீட்டனுப்பி, விடிவதற்குள் தலைநகர் திரும்பினார்கள். இவருடைய திறமை எங்கே இருந்தது என்பதற்கு அந்த இரவைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை.

கீழைக்காற்று:

செங்கழுநீர் அம்மையாரின் பதிவைச் சுவைத்துப் படித்தேன். ஆயினும் வியாழன் விருந்தில் கவிதை படித்தால் வெள்ளிக்கிழமை ரஷ்யத் தூதர் அடங்கிவிடுவாரா? 1767-இல் தூதர் ரெப்னின், சேய்மில் தன்னை எதிர்த்த ஆயர்கள் சோல்திக், சாவுஸ்கி ஆகியோரையும், ஜெவுஸ்கி தந்தை மகன் இருவரையும் போலந்தின் தலைநகரிலேயே கைது செய்து ரஷ்யாவின் கலூகாவுக்கு நாடு கடத்தினார். அரசர் என்ன செய்தார்? தன் நாடாளுமன்ற உறுப்பினர்களை அடுத்த நாட்டுத் தூதர் சிறைபிடித்துக்கொண்டு போகும்போது முடி துறந்திருந்தால், வரலாறு அவரை வேறுவிதமாக நினைத்திருக்கும்.

அக்கால மக்களும் என்னைப் போலத்தான் நினைத்தார்கள். 1788-இல் வார்சாவில் முந்தைய நூற்றாண்டின் வீர அரசரான மூன்றாம் யான் சொபியெஸ்கிக்கு அரசர் சிலை எழுப்பியபோது ஓர் அங்கதப் பாட்டு ஊர் முழுக்கச் சுற்றியது. சிலைக்கு ஒரு லட்சம் செலவாம், இந்த அரசர் கல்லாகி அந்த அரசர் உயிர் பெறுவாரென்றால் இரண்டு லட்சம் தருவேன் என்பது அதன் கருத்து.

நூலகத்தார்:

பாட்டு உண்மை, அதன் காரமும் நியாயமே. ஆனால் நண்பர் பெயர் சொல்லாமல் விட்ட "ஜெவுஸ்கி மகன்" யார் தெரியுமா? செவெரின் ஜெவுஸ்கி. ரஷ்யர்களால் கலூகாவுக்கு இழுத்துச் செல்லப்பட்ட அதே மனிதர், கால் நூற்றாண்டு கழிந்து, ஷ்செஸ்னி பொடோட்ஸ்கியோடும் க்சவெரி பிரானிட்ஸ்கியோடும் சேர்ந்து, ரஷ்யப் படையை அழைத்து வந்த தார்கோவிட்சா தலைவர்களுள் ஒருவரானார். பழைய உயர்குடிச் சுதந்திரத்தின் மேல் கொண்ட பற்று 1767-இல் அவரைத் தியாகியாக்கியது, 1792-இல் துரோகியாக்கியது. அவர் மாறவில்லை, நாடு மாறியிருந்தது.

இனி மூலக் கேள்விக்கு வருகிறேன். 1791 அரசமைப்பு வீட்டோவை ஒழித்தது, அரசுரிமையைத் தேர்தலிலிருந்து விடுவித்து ஸ்தனிஸ்லாவுக்குப் பின் சாக்சனி வம்சத்துக்கு மரபுரிமையாக்கியது, நகரத்தாருக்கு உரிமைகள் வழங்கியது. குடியானவர்களைச் சட்டத்தின் பாதுகாப்பில் கொண்டுவந்ததாகச் சொல்லிற்றேயன்றி அவர்களின் அடிமைநிலையை அது நீக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எதிர்ப்பாளர்கள் பலர் ஈஸ்டர் விடுமுறையிலிருந்து திரும்பாத நாளாகப் பார்த்து அவசரமாக நிறைவேற்றப்பட்ட சட்டம் அது. இக்னாசி பொடோட்ஸ்கியும் ஹூகோ கொல்லொன்தாயும் வரைவில் உழைத்தார்கள் என்பது பலருக்குத் தெரியும். அரசரின் சொந்த எழுத்தும் அதில் கணிசம்.

இந்தத் துணிச்சலுக்கு முட்டுக்கொடுத்தது 1790 மார்ச்சில் பிரஷ்யாவோடு செய்த தற்காப்பு உடன்படிக்கை. 1792 மே மாதம் சுமார் ஒரு லட்சம் ரஷ்ய வீரர்கள் எல்லை தாண்டியபோது, அந்த உடன்படிக்கை புதிய அரசமைப்புக்குப் பொருந்தாது என்று பிரஷ்யா கைவிரித்தது. போலந்து களத்தில் நிறுத்த முடிந்தது அதில் பாதிகூட இல்லை. அப்படியிருந்தும் அரசரின் தம்பி மகன் யூசெஃப் பொனியதோவ்ஸ்கி ஜூன் 18 அன்று ஜெலென்ட்செயில் வென்றார். ஜூலை 18 அன்று துபியென்காவில் கொஷ்சியூஷ்கோ தன்னைவிடப் பல மடங்கு பெரிய படையைத் தாக்குப்பிடித்தார். படை தோற்று ஓடவில்லை, பின்வாங்கிக்கொண்டிருந்தது.

ஜூலை 23 அன்று அரசர் ஆலோசனைக் குழுவைக் கூட்டினார். தார்கோவிட்சாவில் சேர்ந்தால்தான் போர் நிற்கும் என்ற கேத்தரினின் பதில் மேசை மேல் இருந்தது. பெரும்பான்மையினர் சேருவதையே ஆதரித்தார்கள். அந்தப் பெரும்பான்மையில் கொல்லொன்தாயும் ஒருவர். சில நாள்களில் அவர் சாக்சனிக்குச் சென்றுவிட்டார். அங்கிருந்து, அரசமைப்பு வீழ்ந்ததற்கு அரசரே காரணம் என்று உலகம் நம்பும்படி எழுதியவர்களில் அவரும் இருந்தார். கையெழுத்து அரசருடையது. அதற்கு முந்திய வாக்குகள் யாருடையவை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பழையவரைபடம்:

கொல்லொன்தாய் ஆதரித்தார் என்பது எனக்குப் புதிய செய்தி. ஆனால் அரசர் எதை நம்பிக் கையெழுத்திட்டார்? நாட்டின் எல்லையாவது மிஞ்சும் என்றா?

நூலகத்தார்:

ஆம். 1768-லும் 1775-லும் நடந்ததைப்போல ரஷ்யாவின் காவலை ஏற்றுக்கொண்டு, சீர்திருத்தங்களில் பாதியையேனும் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பதே அவருடைய கணக்கு. இருபத்தெட்டு ஆண்டுகளாக அவர் போட்டு வந்த கணக்கும் அதுதான். இம்முறை அது பொய்த்தது. 1793 ஜனவரியில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் இரண்டாம் பங்கீட்டை முடித்துக்கொண்டன. ரஷ்யா மட்டுமே ஏறத்தாழ 2,50,000 சதுர கிலோமீட்டரை எடுத்துக்கொண்டது. தார்கோவிட்சா தலைவர்களே திகைத்துப்போனார்கள். நரிக்கு நாட்டாண்மை கொடுத்தவர்கள் கிடையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கீழைக்காற்று:

அங்கேதான் என் வழக்கு நிற்கிறது. 1792-ஐ நான் விட்டுவிடுகிறேன். கொல்லொன்தாய் பற்றிய செய்திக்குப் பின் அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஆனால் படை இன்னும் நின்றுகொண்டிருந்தபோது அரசர் முகாமுக்கே போகவில்லை. போவதாகச் சொன்னார், கூடாரங்கள் தயாராயின, வார்சாவை விட்டு நகரவில்லை. தம்பி மகனும் கொஷ்சியூஷ்கோவும் பதவி விலகியது வெறும் கோபத்தாலன்று, வெட்கத்தால். 1793-இல் க்ரோட்னோவில் ரஷ்யத் துப்பாக்கிகள் சூழக் கூடிய சேய்மில், உறுப்பினர்கள் வாய் திறக்காமல் இருந்ததையே சம்மதம் என்று எழுதிக்கொண்டார்களே, அந்த அவையிலும் இவர் உட்கார்ந்திருந்தார். ஓவியர் யான் மாதெய்கோ 1866-இல் ரெய்தானின் காட்சியை வரைந்தபோது, பின்னணியில் இவரைக் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்க வைத்தார். வரலாற்றுப்படி அந்தக் கணத்தில் இவர் அங்கே இருந்தாரா என்பதல்ல என் பேச்சு; எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் போலந்து மக்களின் மனத்தில் இவர் அப்படித்தான் நின்றார்.

செங்கழுநீர்:

மாதெய்கோவின் அந்த ஓவியத்தை விலை கொடுத்து வாங்கியவர் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசெஃப்; பங்கீட்டுக்காரர்களில் ஒருவரின் வாரிசு! அது போகட்டும். முகாமுக்குப் போகாததை நானும் மன்னிக்க மாட்டேன்.

முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1794-இல் கொஷ்சியூஷ்கோவின் எழுச்சி வெடித்தபோது அரசர் வார்சாவிலேயே, ஏறத்தாழக் கைதியாக, இருந்தார். நவம்பர் 4 அன்று ரஷ்யத் தளபதி சுவோரவின் படை வார்சாவின் பிராகா புறநகரில் பொதுமக்களை வெட்டிச் சாய்த்தபின் எழுச்சி அடங்கியது. 1795 ஜனவரியில் அவரை க்ரோட்னோவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே, நவம்பர் 25 அன்று, முடிசூடிய அதே நாளில், அதே புனித கேத்தரின் நாளில், முடி துறப்பில் கையெழுத்திட்டார். மறு ஆண்டு பேரரசி இறந்ததும் புதிய பேரரசர் பாவெல் இவரை செயிண்ட் பீட்டர்ஸ்பர்குக்கு அழைத்து மார்பிள் மாளிகையில் குடியமர்த்தினார். கேத்தரினின் வாழ்வில் பொனியதோவ்ஸ்கிக்குப் பின் வந்த காதலரான கிரிகோரி ஓர்லோவுக்காகக் கட்டப்பட்ட மாளிகை அது. தன் நினைவுக் குறிப்புகளைப் பிரெஞ்சு மொழியில் எழுதிவந்த இவர், 1798 பிப்ரவரி 12 அன்று அங்கேயே இறந்தார். நேவ்ஸ்கி வீதியின் கத்தோலிக்க ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அந்த ஆலயத்தின் பெயரும் புனித கேத்தரின் ஆலயமே.

1938-இல் சோவியத் அரசு சவப்பெட்டியைப் போலந்திடம் ஒப்படைத்தது. இதே ஆலயத்தில் இருந்த மற்றொரு தேர்ந்தெடுக்கப்பட்ட அரசரான ஸ்தனிஸ்லாவ் லெஷ்சின்ஸ்கியின் எச்சங்களுக்குக் கிராக்கோவின் வாவெல் பேராலயத்தில், அரசர்களின் வரிசையில், இடம் கிடைத்தது. இவருக்கு வாவெலில் இடம் தர அன்றைய அரசு துணியவில்லை. பிறந்த ஊரான வோல்சினில், யாருக்கும் அறிவிக்காமல், இரவோடு இரவாகக் கொண்டுபோய் வைத்தார்கள். மறு ஆண்டே அந்த ஊர் சோவியத் எல்லைக்குள் போயிற்று. பின்னர் ஆலயம் உரக் கிடங்காக மாறியது, கல்லறை சூறையாடப்பட்டது. 1980-களின் இறுதியில் போய்த் தேடியவர்களுக்குக் கிடைத்தவை உடையின் துணுக்குகளும் இன்ன பிற சில்லறை எச்சங்களுமே. அவற்றை 1995-இல் வார்சாவின் புனித யோவான் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1764-இல் அவர் முடிசூடியதும், 1791 மே 3 அன்று அரசமைப்புக்காக உறுதிமொழி ஏற்க உறுப்பினர்கள் திரண்டு சென்றதும் அதே ஆலயம்தான்.

கீழைக்காற்று:

வாவெலில் இடம் தராததை நான் இன்றும் தவறென்று சொல்லமாட்டேன். உரக் கிடங்கு அதிகம்.